உயிருக்கு அடுத்து மெய்

துறை உதவியாளர் குள்ளம்மாள் மூன்றாவது டீயைக் கொண்டுவந்து வைத்தபோதுதான் கலைமதிக்குச் சந்தேகம் வந்தது.

"டீ வேண்டாங்கக்கா. ஹெச்.ஓ.டி. சார் கையெழுத்துதான் வேணும்."

"வருவாரு கண்ணு. ஆறிடப் போவுது, குடி."

மெய்யியல் துறையில் கவனிப்புக்குக் குறைச்சல் இல்லை. கலைமதி கல்லூரியில் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் பஸ் பாஸ் ஃபாரத்தை அவர்களே நிரப்பிக் கொடுத்தார்கள். காரிமங்கலம் பஸ் தாமதமானால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஒழுங்காகச் சுற்றுகிற ஒரே ஃபேனுக்குக் கீழேதான் அவளுக்கு இடம்.

அவள் சேர்ந்ததே ஒரு தப்பால்தான். 'உயிரியல்' இடம் முடிந்துவிட்டது என்றார்கள். விண்ணப்பத்தில் அதற்கு அடுத்த கட்டம் 'மெய்யியல்'. உயிரெழுத்து, மெய்யெழுத்து; மெய் என்றால் உடம்பு. பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே. உயிர் இல்லாவிட்டால் போகிறது, உடம்பாவது படிப்போம் என்று டிக் அடித்துவிட்டாள்.

"எம்மவ ஒடம்பப் பத்திப் படிக்கிறா. ஆஸ்பத்திரி லேப்ல வேல கெடைக்கும்" என்று அவள் அம்மா பாஞ்சாலி வாரச் சந்தை முழுக்கச் சொல்லியும் ஆகிவிட்டது.

முதல் வகுப்பில் எலும்புக்கூடு வரும் என்று காத்திருந்தாள். துறைத்தலைவர் நவநீதன்தான் வந்தார். நாற்காலியைக் காட்டி, "இது உண்மையிலேயே இருக்கிறதா?" என்று கேட்டார்.

கலைமதி எழுந்து விஷயத்தைச் சொன்னாள். வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை.

"மெய்னா உண்மைன்னும் ஒரு அர்த்தம் இருக்கும்மா. இது தத்துவப் படிப்பு" என்றார்.

உயிரியலில் ஒரு பெண் நர்சிங் கிடைத்துப் போய்விட்டாள் என்று நேற்றுத் தெரிந்தது. ஒரே ஒரு இடம். இன்று ஐந்து மணிக்குள் மாற்றல் படிவத்தை ஆபீஸில் கொடுக்க வேண்டும். விட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். நேற்றே ஓடிப்போய் நவநீதனிடம் நீட்டினாள். அவர் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நாளைக்குப் பாக்கலாம்" என்றார்.

இன்று காலையிலிருந்து சாரின் நாற்காலி இருக்கிறது. சார்தான் இல்லை.

"உனக்குப் புரியலையாடி?" பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஐஸ்வர்யா காதைக் கடித்தாள். அவளும் அதே வகுப்புதான். "மாசக் கடைசியில தல எண்ணுவாங்க. முதல் வருசத்துல பத்துப் பேர் இருக்கணும். நீ போனா ஒம்பது."

"அதனால?"

"அதனாலதான் டீ. கெடாவுக்குக்கூட வெட்டறதுக்கு முன்னாடி மஞ்சத்தண்ணி தெளிப்பாங்க. எனக்கு ஒரு டீ குடுத்தாங்களா பாரு. நான் எங்கயும் போகமாட்டேன்னு தெரியும்."

மதியம் கௌரவ விரிவுரையாளர் ஜோஸ்பின் மேம் டிபன் பாக்ஸைத் திறந்தார். கலைமதி நேராகவே கேட்டாள்.

"மேம், பத்துப் பேர் இல்லன்னா துறைய மூடிருவாங்களா?"

"உடனே மூட மாட்டாங்க. எனக்குத்தான் வேல இருக்காது."

சொல்லிவிட்டு எலுமிச்சை சாதத்தில் பாதியை மூடியில் வைத்து அவள் பக்கம் தள்ளினார். "சாப்பிடு."

கலைமதி ஒரு வாய் எடுத்துவிட்டு மூடியை அவர் பக்கமே தள்ளினாள்.

மூன்றரைக்குக் குள்ளம்மாளின் போன் அடித்தது. அவள் கதவோரம் போய்க் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தினாலும் அவள் குரல் வராந்தா வரைக்கும் கேட்கும்.

"இங்கதாங்க சார் இருக்குது. எங்கயும் வுடல. டீயக் குடுத்துப் புடிச்சு வெச்சிருக்கறேன்."

கலைமதிக்குக் கண்ணில் நீர் முட்டியது. உண்மையைச் சொல்லித்தருகிற துறையாம்.

நாலு நாற்பதுக்கு நவநீதன் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"உக்காரும்மா."

"வேண்டாங்க சார். காலையிலிருந்து உக்காந்துதான் இருக்கேன்."

"நானுந்தான்" என்றார் அவர்.

"என்னையப் பத்தாவது ஆளா வெச்சுக்கணும்னா நேத்தே சொல்லியிருக்கலாமே சார். எங்கம்மாவுக்காவது பதில் சொல்லியிருப்பேன்."

அவர் பையிலிருந்து படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தார். அதில் அவருடைய கையெழுத்து இருந்தது, நேற்றைய தேதியில். அதற்குக் கீழே, இன்றைய தேதியில், உயிரியல் துறைத்தலைவரின் கையெழுத்து.

"அந்த மேடம் நாலரைக்குத்தான் மீட்டிங் முடிஞ்சு வந்தாங்க. சிபாரிசு லெட்டரோட நாலு பேர் வாசல்லயே நின்னுட்டிருந்தாங்க. பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிப்போமே, அந்த மாதிரி அவங்க ரூம்லயே உக்காந்துட்டேன். தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்கல."

"சொல்லியிருக்கலாமே சார்..."

"கெடைக்காமப் போயிருந்தா?"

"நீ பாட்டுக்குக் கோவிச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டா கையெழுத்து யாரு போடறதாம்?" என்றாள் குள்ளம்மாள், டம்ளரை எடுத்துக்கொண்டே.

ஜோஸ்பின் மேம் பேனாவைத் திறந்து நீட்டினார். "மாணவி கையெழுத்து. இந்த எடத்துல."

பேனாவை வாங்கும்போது கலைமதியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்ப பத்தாவது ஆளுக்கு என்ன சார் பண்ணுவீங்க?"

"அடுத்த வாரம் ரெண்டாம் கட்டச் சேர்க்கை. உயிரியல் கெடைக்காம யாராச்சும் அடுத்த கட்டத்துல டிக் அடிக்காமலா போயிருவாங்க?"

ஜோஸ்பின் மேம்கூடச் சிரித்துவிட்டார்.

கலைமதி படிவத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல்வரை ஓடினாள். அங்கே நின்று திரும்பினாள்.

"எனக்காக ஏன் சார் இவ்வளவு...?"

நவநீதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கும் உயிரியல்தாம்மா வேணும்னு இருந்துச்சு. அன்னிக்கு எங்க ஹெச்.ஓ.டி. அஞ்சு மணி வரைக்கும் சீட்டுக்கே வரல."