வாய் மூடாத வண்டி

"பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே, டெய்லரம்மா! உள்ளே சீட்டெல்லாம் நனையுது. வந்து ஒரு கை பிடிங்க!"

கடையின் பின்வாசலில் நின்ற டெய்லரம்மா திகைத்துப் போனார். பக்கத்துக் கடைப் பல் டாக்டர் எட்டு மாதங்களுக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் சொற்கள் இவை.

கொட்டும் மழையில், வெள்ளைக் கோட்டுடன், ஒரு முக்காலியின்மேல் நின்றுகொண்டு, சிவப்புக் கார் ஒன்றின் கூரையில் திறந்து மூடும் சன்ரூஃபை டாக்டர் இரு கைகளாலும் இழுத்துக்கொண்டிருந்தார். பாதி திறந்திருந்த கண்ணாடி அசைவேனா என்றது.

சற்று முன்னர் அந்தக் காரைச் சன்னல் வழியே பார்த்தபோதே டெய்லரம்மாவுக்கு வயிறு எரிந்தது. 'மனுஷனுக்குப் புதுக் கார் ஒன்றுதான் குறைச்சல்!'

இரண்டு கடைகளுக்கும் இடையில் இருப்பது ஒரே சுவர். "உங்க மிஷின் அடிக்கிற அடியில நோயாளி வாயைத் திறக்கவே பயப்படுறான்" என்று டாக்டர் ஒரு நாள் எல்லார் முன்னிலையிலும் கத்தினார். "உங்க ட்ரில் சத்தத்துல என் கடைக்கு வர்றவங்க அளவு கொடுக்காமலே ஓடுறாங்க" என்று இவரும் திருப்பிக் கொடுத்தார். அன்றோடு பேச்சு அற்றது.

"எழுத்துல புகார் கொடுங்கம்மா. டாக்டரைக் காலி பண்ணச் சொல்லிடறேன். நாலு மணிக்கு நானே வந்து வாங்கிக்கிறேன்" என்று கட்டட உரிமையாளர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். நான்கு பக்கங்களில், கையெழுத்துடன், அந்தப் புகார் இப்போது டெய்லரம்மாவின் மேலங்கிப் பையில் இருந்தது.

இருந்தாலும், நனைகிற பொருளைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் இயலவில்லை. மழையில் இறங்கினார்.

"சாவியும் காணோமா?"

"சாவி இருந்தா இந்தக் கூத்து எதுக்குங்க?"

இருவரும் சேர்ந்து இழுத்தனர், தள்ளினர், தட்டினர். பயனில்லை. டாக்டர் தம் சட்டைப் பையிலிருந்து பல் பார்க்கும் சிறு கண்ணாடியை எடுத்துக் கூரை இடுக்கில் நுழைத்துப் பார்த்தார்.

"கடைவாய்ப் பக்கம் என்னமோ சிக்கியிருக்கு. என்கிட்ட வர்றவங்க வாயைத் திறக்க மாட்டாங்க. இது மூட மாட்டேங்குது!"

"மரத்துப்போற ஊசி ஒண்ணு போட்டுப் பாருங்களேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்த டெய்லரம்மாவும் சிரித்துவிட்டார்.

"இருங்க, வர்றேன்" என்று உள்ளே ஓடினார். தையல் இயந்திரத்தை மூடி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் விரிப்பை உருவினார். நான்கு மூலைகளிலும் எலாஸ்டிக் வளையங்களை வைத்துக் கடகடவென்று அடித்தார். இரண்டே நிமிடம்.

வெளியே வந்ததும் டாக்டர் சொன்னார்: "இன்னிக்குத்தாங்க அந்த மிஷின் சத்தம் காதுக்கு இதமா இருந்துச்சு."

"போதும், ஐஸ் வைக்காதீங்க. அந்த மூலையைப் பிடிங்க."

நான்கு வளையங்களையும் நான்கு கதவுகளின் கைப்பிடிகளில் மாட்டினர். விரிப்பு கூரையின்மேல் மேளத்தோல் போல விறைத்து நின்றது.

"புது வண்டி. வாசனைகூடப் போயிருக்காது. மனசு கேக்கலைங்க" என்றார் டாக்டர். அவர் தலையிலிருந்து மூக்கு நுனிக்கு நீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"கேக்காதுதானே?" என்றார் டெய்லரம்மா. அவருக்கே வியப்பாக இருந்தது. வயிற்றெரிச்சல் போன இடம் தெரியவில்லை.

டாக்டர் முக்காலியைத் துடைப்பது போலப் பாவனை செய்தபடி, "அன்னிக்கு நாலு பேர் முன்னால நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாதுங்க" என்றார்.

"நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? விடுங்க டாக்டர்."

அப்போதுதான் கவனித்தனர். கண்ணாடி தூக்கிக்கொண்டிருந்த மூலையில் விரிப்பு சரியாகப் படியவில்லை. அந்த இடுக்கு வழியாக நீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியது.

"பஞ்சு எடுத்துட்டு வரட்டுமா?" என்றார் டாக்டர்.

"பஞ்சு ஊறிடும். தடியா ஏதாவது வேணும்."

டெய்லரம்மாவின் கை மேலங்கிப் பைக்குள் போயிற்று. ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு நான்கு பக்கங்களையும் வெளியே எடுத்து, எட்டாக மடித்து, இடுக்கில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். சொட்டு நின்றது.

"ஏதோ எழுதியிருந்துச்சே, முக்கியமான பேப்பரா?"

"இனிமே இல்லை" என்றார் டெய்லரம்மா.

அவ்வேளையில் தெருமுனையிலிருந்து ஒருவர் குடையும் கையுமாக ஓடி வந்தார். பின்னால் கருவிப் பெட்டியுடன் ஒரு மெக்கானிக். குடைக்குள் இருந்தவர் கட்டட உரிமையாளர். காரைப் பார்த்ததும் மூச்சு வாங்க நின்றுவிட்டார்.

"அடடா! கூரை மூடாம சிக்கிக்கிச்சுன்னு இவரைக் கூட்டிக்கிட்டு வர்றதுக்குள்ள மழை பிடிச்சுக்கிச்சேன்னு பதறிப்போய் வர்றேன். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து என் வண்டிக்குச் சட்டையே தைச்சுப் போட்டுட்டீங்களே!"

டெய்லரம்மா டாக்டரைப் பார்த்தார். டாக்டர் டெய்லரம்மாவைப் பார்த்தார்.

இருவர் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரே கேள்வி வந்தது: "அப்ப இது உங்க வண்டி இல்லையா?"