சாவி கைக்கு வரும்வரை

"பன்னெண்டு நாளா லாட்ஜுல குந்திக்கினு இருக்கேன். அந்தப் பன்னெண்டு நாள் வாடகைய நீங்க கழிச்சித்தான் ஆவணும். சட்டம் இருக்குதும்மா."

திண்டிவனத்துக்கு மாற்றலாகி வந்த தாலுகா ஆபீஸ் குமாஸ்தா சக்கரபாணி, வீட்டுக்காரம்மாள் தையல்நாயகியிடம் மல்லுக்கு நின்றார். ஒண்ணாந் தேதி வீடு தருவதாகச் சொல்லி, ஒரு மாத வாடகை இருபது ரூபாயை அவள் முன்னதாகவே வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். இன்னும் மூன்று நாளில் ஆடி பிறந்துவிடும். அப்புறம் எவன் புது வீட்டில் பால் காய்ச்சுவான்? மேலும் ஒரு மாதம் லாட்ஜ் மூட்டைப்பூச்சிக்கு ரத்தம் கொடுக்க வேண்டியதுதான். நினைக்கவே அவருக்கு அழுகை வந்தது.

"நான் என்னாங்க பண்றது? உள்ள இருக்கிற வாத்தியாரு காலி பண்ணாத்தான?"

வாத்தியார் தேவநாதன் துண்டைத் தோளில் போட்டபடி வெளியே வந்தார். அன்றுதான் சக்கரபாணி அவரை நேரில் பார்த்தார்.

"எனக்கும் மாத்தல் ஆயிடுச்சி சார். போற ஊர்ல பேசி வெச்ச வீடு இன்னும் காலியாவல. பழைய குடித்தனம் நகர மாட்டேங்குது. சாமானைக் கட்டி வெச்சிக்கினு நாங்களும் பேஜாருல கெடக்கறோம்."

சக்கரபாணிக்கு ரத்தம் கொதித்தது. அதோடு, சட்டம் பேசுவதென்றால் அவருக்கு வெல்லம் தின்கிற மாதிரி.

"அந்த ஆள சும்மா வுடக்கூடாது சார். ஒருத்தன் அழும்பு பண்ணா மூணு குடும்பம் சீரழியறதா? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும் அவனுக்கு. காயிதம் கொண்டாங்க, எழுதிடுவோம்."

கொண்டுவந்தார்கள். 'தாமதத்துக்கு எவர் காரணமோ, அவரே நம் மூவரின் நஷ்டத்தையும் கொடுக்கக் கடமைப்பட்டவர்' என்று ஆபீஸ் நடையில் எழுதி, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். வாத்தியாரும் போட்டார். தையல்நாயகி கைநாட்டு வைத்தாள்.

"இப்ப சொல்லுங்க வாத்தியாரே, யாரு அந்தப் புண்ணியவான்?"

"பேரு தெரியாமத்தான் இருந்திச்சி. அந்த ஊரு வீட்டுக்காரருக்கு எழுதிக் கேட்டேன், இன்னிக்குத்தான் பதில் வந்திச்சி" என்று தேவநாதன் தபால் கார்டை எடுத்து வாசித்தார்.

"விழுப்புரம். ஐயா, வீட்டில் குடித்தனக்காரரின் மனைவி மட்டுமே இருக்கிறார். 'புது வீட்டுச் சாவி என் கைக்கு வரும்வரை அங்கே ஒரு கரண்டியைக்கூட நகர்த்தாதே' என்று புருஷன் திண்டிவனத்திலிருந்து கடுதாசி போட்டிருக்கிறாராம். பெயர் சக்கரபாணி, தாலுகா ஆபீஸ் குமாஸ்தா."

"நாம எழுதின அந்தக் காயிதத்த இப்படிக் குடுங்கய்யா, நான் பத்திரமா வெச்சிக்கிறேன்" என்று தையல்நாயகி கையை நீட்டினாள்.