ஒட்டுத் தகடு

"வால்ல இருந்த நம்பர் பனியில அழிஞ்சிடுச்சு. கதவு மட்டும் நல்லாத் தெரியுது, பாருங்க" என்று படத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி வைத்தார் ஜமால் முகமது.

அரங்கநாதன் பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்தார். விமானப்படையில் டகோட்டா விமானங்களுக்குத் தகடு அடித்துப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஜமாலுக்குச் சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. அரியலூர் கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். பழைய போர் விமானப் படம் என்றால் இருவருக்கும் சோறு தண்ணீர் வேண்டாம். துபாயிலிருந்து உறவுக்காரர்கள் கொண்டுவரும் படங்களையெல்லாம் ஜமால் சேர்த்து வைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அரங்கநாதன் வந்து, ஜன்னலையும் வாலின் வளைவையும் காட்டி, எது எந்த ரகம், எந்தச் சண்டையில் பறந்தது என்று விளக்குவார். தாளையும் நிறத்தையும் பார்த்து, படம் எந்தக் காலத்தில் எடுத்தது என்று ஜமால் சொல்லுவார்.

அன்றைக்கு அது பொழுதுபோக்காக இல்லை. எதிரே பெஞ்சில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். செந்துறைப் பக்கத்திலிருந்து வந்த பெரியசாமி, அவருடைய மருமகள் காத்தாயி.

பெரியசாமியின் மகன் தர்மன் விமானப்படையில் இருந்தான். கல்யாணமான மறு வருஷம், அவன் போன டகோட்டா அஸ்ஸாமுக்கு அப்பால் மலைகளுக்கு நடுவே காணாமல் போனது. அது அறுபத்தொன்பதில். ஒன்பது வருஷம் கழித்து, மலையேறப் போன ஒரு கூட்டம் பனிக்குள் ஒரு பழைய விமானம் நொறுங்கிக் கிடப்பதைப் படம் பிடித்திருந்தது. பத்திரிகையில் அது வந்ததும் ஜமால் எழுதிக் கேட்டு ஒரு பிரதி வரவழைத்திருந்தார். அதைக் கேள்விப்பட்டுத்தான் இருவரும் பஸ் ஏறி வந்திருந்தார்கள்.

பெரியசாமி தான் கொண்டுவந்த படத்தை மேசைமேல் வைத்தார். காணாமல் போன அதே விமானத்தின் கதவருகே தர்மன் சிரித்தபடி நிற்கும் படம்.

"ரெண்டும் ஒண்ணான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க சார்."

அரங்கநாதன் முதலில் தர்மன் படத்தைப் பார்த்தார். கதவுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒட்டுத் தகடு. யாரோ அவசரத்தில் அதன் ஒரு மூலையைச் சாய்த்து வெட்டியிருந்தார்கள். பிறகு பனிப் படத்துக்கு வந்தார். கதவுக்குக் கீழே வந்ததும் கை நின்றுவிட்டது. அதே ஒட்டு. அதே சாய்ந்த மூலை. விமானத்தின் முன்பாதி கருகி உருக்குலைந்து கிடந்தது. யாரும் பிழைத்திருக்க வழியில்லை.

நிமிர்ந்தார். காத்தாயி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் கனகாம்பரம். கழுத்தில் மஞ்சள் தேய்த்த தாலிக்கயிறு புதிதாக இருந்தது. முப்பது வயதுகூட இருக்காது.

"இந்தக் கதவுக்குக் கீழ..." என்று ஆரம்பித்த ஜமாலின் காலை மேசைக்கடியில் மிதித்தார். ஜமால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

"இது அது இல்லம்மா" என்றார் அரங்கநாதன். "இது வெள்ளைக்காரன் காலத்துல விழுந்தது. கதவே வேற மாதிரி இருக்கு."

"நிச்சயமாங்களா சார்?"

"இருவது வருசம் இதுலயே கெடந்தவன்மா நான்."

காத்தாயி அவரைக் கும்பிட்டாள். கண்ணீர் வழிந்தாலும் முகம் மலர்ந்திருந்தது. தர்மன் படத்தை முந்தானையால் துடைத்து எடுத்துக்கொண்டு, பஸ் வந்துவிட்டதா பார்க்கிறேன் என்று வெளியே போனாள். பொய் சொன்னாலும் ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று அரங்கநாதனுக்கு மூச்சு வந்தது.

பெரியசாமி எழுந்திருக்கவில்லை. தோள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்து அரங்கநாதன் அவர் தோளைத் தொட்டார்.

"அதுதான்னு சொல்லிருவீங்கன்னு நம்பித்தாங்க சார் அவளக் கூட்டியாந்தேன்" என்றார் பெரியசாமி.

பிறகு மெல்லச் சொன்னார். மகன் இறந்துவிட்டதாகச் சர்க்காரிலிருந்து தாள் வந்து வருஷக்கணக்காகிறது. உடம்பைக் காட்டாமல் தாலியைக் கழற்றமாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக நிற்கிறாள். அவளுடைய தாய்மாமன் மகன் அவளைக் கட்டிக்கொள்ள இத்தனை நாள் காத்திருந்தான். வருகிற தையில் அவனுக்கும் வேறிடத்தில் முடிக்கப்போகிறார்கள். தானும் தன் மனைவியும் கண்ணை மூடிவிட்டால் அவளுக்கு நாதியில்லை. விவரம் தெரிந்த ஒருவர் படத்தைப் பார்த்துச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன் என்று இப்போதுதான் இறங்கி வந்தாளாம்.

அரங்கநாதன் பனிப் படத்தை எடுத்துக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார். செந்துறை பஸ் வந்து நின்றிருந்தது. மாமனாருக்காகப் படியோரம் காத்து நின்றவளிடம், தான் சொன்னது பொய், அது அவள் புருஷன் போன விமானமேதான் என்று மூச்சிரைக்கச் சொன்னார். ஒட்டுத் தகட்டைச் சொன்னார். பனிப் படத்தையே அவளிடம் நீட்டினார்.

காத்தாயி அதை வாங்கவில்லை. ஸ்டூடியோ வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற பெரியசாமியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, கோபமே இல்லாமல் கேட்டாள்:

"இப்புடிச் சொல்லச் சொல்லி மாமா கெஞ்சுனாருங்களா சார்?"