சாயங்காலக் குடிகாரன்

தோக்சு அன்றைக்கும் தள்ளாடிக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைந்தான். இமைகள் பாதி மூடியிருந்தன. நாக்கு குழறியது.

"ச... சத்தியமா நான் குடிக்கல மிரான்."

"இந்தச் சத்தியத்தைக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு. கடையில இன்னிக்கும் ஒரு சோஜு சாராயப் பாட்டிலைக் காணோம்!" என்றாள் மனைவி. வீட்டு முன்பக்கத்தில் அவள் மீன் சூப் கடை நடத்தினாள்.

அவளுடைய அப்பா கப்சூ அறையிலிருந்து வெளியே வந்தார். நீதிபோதனை வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சாயங்காலமானால் மாப்பிள்ளையைத் திட்டித் திட்டியே அவர் முகம் செக்கச்செவேலென்று ஆகிவிடும்.

"வாடை வரலைன்னா குடிக்கலைன்னு அர்த்தமா மாப்பிள்ளை? ரெண்டு பல் பூண்டை மென்னா எந்த வாடையும் ஓடிப்போயிடும்! காலையில ஊரே உங்ககிட்ட முடி வெட்டிக்குது. சாயங்காலம் உங்க கத்தியை நம்பித் தலையைக் கொடுக்க எவனுக்காவது தைரியம் இருக்கா?"

"இன்னொரு தடவை இப்படி வாங்க, விவாகரத்துதான்!" என்றாள் மிரான்.

அந்த வாரமே தோக்சு பித்தப்பைக் கல்லால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் மயக்கம் தெளியவேண்டிய நேரத்தில் அவனால் இமையைத் தூக்க முடியவில்லை. தானாக மூச்சுவிடவும் முடியவில்லை. கருவிதான் மூச்சு கொடுத்தது.

மயக்க மருந்து கொடுத்த டாக்டரம்மா வெளியே வந்தார். "சாயங்காலமானா இவருக்குக் கண்ணு சொருகுமா? பேச்சு குழறுமா?"

"குடிச்சா யாருக்குத்தான் குழறாது டாக்டர்?" மிரான் விசும்பினாள்.

"காலையில?"

"ராஜா மாதிரி இருப்பாரு."

பரிசோதனைகள் முடிந்ததும் டாக்டரம்மா சிரித்த முகத்தோடு வந்தார். "நரம்பு போடுற உத்தரவு தசைக்குச் சரியாப் போய்ச் சேரல. அதான் பொழுது சாயச் சாய உடம்பு துவண்டுபோகுது. தசையைத் தளர்த்த நாங்க கொடுத்த மருந்துதான் இந்த வியாதியைக் காட்டிக் கொடுத்துச்சு. மாத்திரையில கட்டுப்படுத்திடலாம். இவர் குடிகாரர் இல்லம்மா!"

மாத்திரை வேலை செய்தது. சில நாளில் ஒரு சாயங்காலம், டாக்டரம்மா பார்க்க வந்தபோது தோக்சு இரண்டு கண்ணையும் அகலத் திறந்து பெண்டாட்டியைப் பார்த்தான். மிரான் அழுதாள், சிரித்தாள், நர்ஸைக் கட்டிப்பிடித்தாள். பக்கத்துப் படுக்கைக்காரரின் ஆரஞ்சை எடுத்து உரித்துப் புருஷன் வாயில் ஊட்டினாள்.

"என் வீட்டுக்காரர் ஒரு சொட்டுகூடக் குடிக்கல!" என்று வார்டு அதிர முழங்கியவள், சட்டென்று நின்றாள்.

"அப்போ கடையில காணாமப்போன சோஜு எல்லாம்..?"

கட்டிலருகே நின்ற அப்பா பக்கம் திரும்பினாள். கப்சூ தொண்டையைக் கனைத்துக்கொண்டு மெல்ல டாக்டரம்மா பக்கம் நகர்ந்தார்.

"டாக்டர், எனக்கும் இதே வியாதிதானான்னு கொஞ்சம் பாருங்களேன்!"