பேச்சியின் தோள்

தீவு மருத்துவக் கல்லூரியில் பேச்சிக்கு நோயாளி வேலை. தேர்வு நாளில் ஒரு இயந்திரம் அவள் உடம்பில் ஏதாவதொரு நோயின் வலியை ஏற்றும். கையில் பட்டை கட்டிய மாணவர் அந்த வலியைத் தானும் உணர்ந்து, என்ன நோய் என்று சொல்ல வேண்டும்.

பட்டையைக் கட்டியதுமே மாணவி நிலானி, "அம்மா!" என்று வலது தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"மெசின இன்னும் போடலையே தாயி," என்ற பேச்சி குரலைத் தாழ்த்தினாள். "அது என் தோளு. இருபது வருசம் உப்பளத்துல மூட்டை தூக்குனது."

"இவ்வளவு வலியோடவா வேலைக்கு வர்றீங்க?"

"சேரும்போது வலி இருக்கான்னு கேட்டாங்க, இல்லன்னுட்டேன். இதையெல்லாம் யாரு வலிம்பா? சார்கிட்ட சொல்லிராத தாயி. கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிருவாங்க."

தேர்வாளர் வந்து இயந்திரத்தை முடுக்கினார். பேச்சி பல்லைக் கடித்தாள். நிலானிக்கோ தோள்வலியைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் வேறு நோயாளி கிடைப்பாள். பேச்சிக்கு வேலை போய்விடும். சொல்லாவிட்டால் தனக்கு ஒரு வருடம் போகும். நிலானி தோளைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள்.

தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். போர்வைக்கு அடியில் பேச்சியின் கை மெல்ல நகர்ந்து, இடது விலாவுக்குக் கீழே தொடங்கி அடிவயிறு வரை போய் நின்றது.

"சிறுநீரகக் கல், சார்," என்றாள் நிலானி.

"சரி."

மணி அடித்தது. தேர்வாளர் போனதும் நிலானி கேட்டாள். "கல்லுன்னா உயிரே போயிருக்குமே அக்கா?"

"அட போ தாயி," என்று பேச்சி சிரித்தாள். "நீங்க குடுக்குற வலி மணி அடிச்சா நின்னுருதே."