தண்ணீர் ஊற்றாதீர்கள்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வரி பொய்யாக இருந்தாலும் வாயில் மிச்சமிருக்கிற பல்லெல்லாம் இன்றைக்கே கொட்டிப்போகட்டும். மிச்சம் எத்தனை என்று மட்டும் எண்ணாதீர்கள்.

ஒரு தெரு. அதன் இரண்டு பக்கமும் முப்பது முப்பதாக மரக்கன்றுகள். நட்டது பல்கலைக்கழகம். வலப்பக்கக் கன்றுகளுக்கு வாரம் இரண்டு முறை லாரித் தண்ணீர். இடப்பக்கத்துக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. நகரத்து வெயிலைத் தண்ணீர் இல்லாமல் ஒரு கன்று எத்தனை நாள் தாங்கும்? அதுதான் ஆராய்ச்சி.

அது ஒரு மாணவியின் தலையில் விடிந்தது. ஐந்தாவது வருஷம். இந்தக் கோடைக்குள் முடிக்காவிட்டால் டாக்டர் பட்டம் கிடையாது. மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“தண்ணி ஊத்தாம இருக்கிறதுக்கா அஞ்சு வருஷம் படிக்கிறே?” என்றாள் அவளுடைய அண்ணி. “மாடியில இருக்கிற செடிக்கு அதை நான் படிக்காமலே செய்றேனே!”

மாணவி ஒவ்வொரு கன்றின் வேரருகிலும், மண்ணின் ஈரத்தையும் வேரின் வாட்டத்தையும் தானே குறித்துக்கொள்ளும் விரல் நீளக் கருவி ஒன்றைப் புதைத்தாள். இடப்பக்கக் கன்றுகளில் மட்டும் பலகை கட்டினாள்: ‘ஆராய்ச்சி நடக்கிறது. தண்ணீர் ஊற்றாதீர்கள்.’

அன்றைக்கே தெரு பொங்கிவிட்டது.

“ஏம்மா, உனக்கு மனசாட்சியே இல்லையா?” என்றார் சலூன்காரர்.

“பச்சைப் புள்ளையைப் பட்டினி போட்டு, எத்தனை நாள்ல சாகுதுன்னு எண்ணப் போறியா?” என்றாள் மருந்துக் கடைக்கார அக்கா.

“இது தெரிஞ்சாத்தான்கா, ஊர் பூரா நடுற கன்னுங்களைக் காப்பாத்த முடியும்.”

“முதல்ல இதைக் காப்பாத்து!”

மூன்று வாரம் கழித்துக் கருவிகளைப் பார்த்தவளுக்குத் தலை சுற்றியது. இடப்பக்க மண் சேறாக இருந்தது. லாரித் தண்ணீர் குடித்த வரிசை முழங்கால் உயரம். பட்டினி கிடக்க வேண்டிய வரிசை ஆள் உயரம். அதில் ஒன்று மருந்துக் கடைப் பெயர்ப்பலகையையே மூடிவிட்டது. தலைவலி மாத்திரைக்கு வந்தவர்கள் சலூனுக்குள் போய்த் தலையைக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

மறுநாள் காலை தெருமுனையில் ஒளிந்து நின்று பார்த்தாள். அக்கா கடைவாசலைக் கழுவுகிற சாக்கில் ஒரு வாளி. போக்குவரத்துக் காவலர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒரு பாட்டில். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் ஸ்கூட்டரில் குடத்தோடு வந்து இறங்கினார். சலூன்காரர் குவளையோடு வெளியே வந்தபோது கையும் களவுமாகப் பிடித்தாள்.

“அண்ணே!”

“கை தவறிக் கொட்டிடுச்சும்மா.”

“தினமும் இதே செடியிலயா?”

“வயசாச்சில்ல, கை நடுங்குது.”

“இந்தக் கையாலதானே சவரம் பண்றீங்க?”

உள்ளே முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தவர் மெல்ல எழுந்து வெளியே நடந்தார்.

அவளுடைய பேராசிரியர் அட்டவணையைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். “தண்ணி ஊத்தாத செடிதான் நல்லா வளரும்னு எழுதினா, நம்ம ரெண்டு பேரையும் சேர்த்தே வெளியே அனுப்புவாங்க. சுத்தி வேலி போட்டுடலாமா?”

“வேலிக்கு மேலேர்ந்து ஊத்துவாங்க சார். அவங்க நல்லவங்க. நான்தான் கல்நெஞ்சக்காரி ஆகிட்டேன். விட்டுடறேன்.”

“அஞ்சு வருஷத்தையா?”

“ஆமா சார்” என்றாள்.

அன்று மத்தியானமே பழைய பலகைகளைக் கழற்றி, புதிதாக முப்பது கட்டினாள்: ‘ஆராய்ச்சி கைவிடப்பட்டது. இனி இவை உங்கள் கன்றுகள். தயவுசெய்து தினமும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள்.’

தெருவே கைதட்டியது. அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். “உன்னைப் பெத்த வயிறு குளிரட்டும்மா” என்றார் சலூன்காரர்.

ஒன்றரை மாதம் கழித்து, கருவிகளைத் தோண்டியெடுத்துத் துறையில் ஒப்படைக்க வந்தாள். வலப்பக்க வரிசை தளதளவென்று நின்றது. லாரியை நிறுத்தச் சொல்லி யாரும் கடிதம் போட்டிருக்கவில்லை. இடப்பக்கம் முப்பது பலகைகள், முப்பது குச்சிகள்.

“அண்ணே, நீங்க ஊத்தலையா?”

“அக்கா ஊத்துறாங்களேன்னு விட்டுட்டேன்.”

“அக்கா?”

“போலீஸ்காரர் பார்த்துக்குவார்னு நினைச்சேன்மா.”

காவலர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். “ஏங்க, செடிக்குத் தண்ணி ஊத்துறதா என் வேலை?”

கருவிகளைக் கணினியில் மாட்டிய பேராசிரியர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “பாரும்மா! பலகை மாத்தின அன்னிக்கு சாயங்காலத்திலேர்ந்து ஒரு சொட்டு விழலை. எத்தனையாவது நாள் எது வாடிச்சுன்னு அப்படியே இருக்கு. முப்பது வருஷத்துல இவ்வளவு சுத்தமான பரிசோதனையை நான் பார்த்ததே இல்ல!”

அவளுக்குப் பட்டம் கிடைத்தது.

இதைச் சொன்னது யார் என்று அந்தத் தெருப்பக்கம் மூச்சு விட்டுவிடாதீர்கள். முப்பதில் ஒரு குச்சி என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது.