நிக்கல் அண்ணன்

நிக்கல் உப்பு கரைத்த பச்சை நிறத் தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் டப்பாவில் பழைய இரும்புச் சாவியும் நிக்கல் தகடும் எதிரெதிரே தொங்கின. மின்சாரம் பாய்ந்ததும் தகடு தன்னைக் கரைத்துக்கொண்டு சாவியின் மேல் பூச்சாகப் படிந்தது. படிந்த பூச்சோ உரிந்து விழுந்தது. சாவிக்கு முலாம் பூச முயன்ற வீட்டுக்காரர் பேட்டரியை மாற்றினார், தண்ணீரைச் சூடாக்கினார். அப்போதும் உரிந்தது.

“தங்கச்சி, உன் உடம்பில் எண்ணெய்ப் பிசுக்கு ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டது தகடு.

“சேச்சே! உன் பூச்சுதான் மட்டம், அண்ணா” என்றது சாவி. உண்மையைச் சொன்னால் கம்பி பிரஷால் தேய்த்துவிடுவார்களே என்று அதற்குப் பயம்.

“அப்படியும் இருக்கும்” என்று தகடு மறுபடி கரைந்தது.

கடைசியில் வீட்டுக்காரர் சாவியைத் தேய்த்தே விட்டார். எறும்புக் கடி அளவுதான் வலித்தது. சுத்தமாகத் தண்ணீரில் இறங்கிய சாவி, “இப்போது வா, அண்ணா” என்றது.

எதிரே வெறும் கம்பிதான் தொங்கியது. டப்பாவின் அடியில் அண்ணன் செதில் செதிலாக மின்னிக்கொண்டிருந்தான்.